பேசின் பிரிட்ஜும் அதன் பேய்களும்

வடகிழக்குப் பருவமழை சற்றுக் கடுமையாகப் பெய்தால் போதும், தெற்கு ரயில்வேயின் அறிவிப்புகளில் ஒரு வாக்கியம் வந்துவிடும்: பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள 14-ஆம் எண் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டிவிட்டதால் பின்வரும் ரயில்கள் ரத்து செய்யப்படுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சென்ட்ரலுக்கு வர வேண்டிய ரயில்களை நிறுத்தியது இந்தப் பாலம்தான். சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பேசின் பிரிட்ஜ் என்றால் இவ்வளவுதான். சென்ட்ரலுக்குள் நுழைவதற்குமுன் சிக்னலுக்காக வண்டி நின்றுவிடுகிற, மூட்டை முடிச்சுகளை இறக்கி வாசலில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டிய இடம். புளியந்தோப்பு, மூலக்கொத்தளம், வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கோ அது இரவில் தனியாகக் கடக்கக் கூடாத இடமாகவும் நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு வெறும் இருட்டு என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பேசின் பிரிட்ஜ் என்று சொல்லும்போது ஒற்றைப் பாலத்தைச் சொல்வதில்லை. பக்கிங்காம் கால்வாய், அதில் வந்து கலக்கும் ஓட்டேரி நல்லா என்ற ஓடை, இவற்றின்மீது செல்லும் ரயில் பாலங்கள், ரயில் பாதைகளைக் கடக்கும் சாலைப் பாலம், ரயில் நிலையம், பெட்டிகளைக் கழுவிப் பழுதுபார்க்கும் யார்டு, மின் நிலையம், சற்றுத் தள்ளி மூலக்கொத்தளம் சுடுகாடு என எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் வந்து சேர்ந்து பின்னிக்கிடக்கிற ஒரு முடிச்சுக்கு அந்தப் பெயர் பொதுவாக வழங்கிவிட்டது. பேய்க்கதைகளும் அப்படித்தான். ‘பாலத்துப் பேய்’ என்று சொல்லப்படுவது கால்வாய்க் கரையில் தோன்றும், தண்டவாளத்தில் நடக்கும், சுடுகாட்டுச் சுவரோரம் மறையும். கதை கேட்பவர் அதை ஒரே பாலத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

இந்த முடிச்சின் மிகப் பழைய இழை கோட்டைச் சுவர். 1760-களின் இறுதியில் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்து மிரட்டிச் சென்றபின், 1769 உடன்படிக்கையை அடுத்து, அன்றைய கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி பெரும் மதில் எழுப்பியது. பால் பென்ஃபீல்டு என்ற ஒப்பந்தக்காரர் அந்த வேலையை எடுத்துச் செய்து 1772 வாக்கில் முடித்தார். மதிலுக்கு ஆன செலவை ஊராரிடம் வரியாக வசூலிக்க நினைத்த கம்பெனியால் அதை வசூலிக்க முடியாமலே போயிற்று. ‘வால்டாக்ஸ் ரோடு’ மட்டும் மிஞ்சியது. யானைகவுனி அந்த மதிலின் வாயில்களுள் ஒன்று. மதிலின் மூலையில் இருந்த கொத்தளம் மூலக்கொத்தளமாக நிலைத்தது. ராயபுரம் பக்கம் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப்பூங்கா என்று அழைக்கப்படும் துண்டு மதிலைத் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது. மதில் என்று ஒன்று இருந்தால் அதற்கு உள்ளே, வெளியே என்று இரண்டு உலகங்கள் உண்டாகிவிடும். பிணம் எரிப்பதும் புதைப்பதும், தோல் பதனிடுவதும், உப்பும் விறகும் குவித்துவைப்பதும் வெளியே தள்ளப்பட்டன. பேசின் பிரிட்ஜ் இருக்கும் இடம் அந்த ‘வெளியே’தான்.

அடுத்த இழை கால்வாய். 1806 வாக்கில் பேசில் காக்ரேன் என்ற வணிகரின் முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டப்பட்ட நீர்வழி முதலில் காக்ரேன் கால்வாய் என்றே அழைக்கப்பட்டது. பிறகு 1837-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது; பழவேற்காடு ஏரிக்கும் அதற்கு வடக்கே ஆந்திரக் கரைக்கும் அது நீண்டது. உப்பும், ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும், சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் படகுகளில் ஏறி வந்தன. படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி ஆட்கள் இழுத்தார்கள். சரக்கை இறக்குவதற்காகப் படகுகள் ஒதுங்கும் அகன்ற நீர்த்துறைதான் ‘பேசின்’; அதையொட்டி இருந்த பாலம் பேசின் பிரிட்ஜ். உப்புக் கிடங்குகளின் நினைவாக இன்றும் பக்கத்தில் சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையம் இருக்கிறது. இன்று அங்கே கறுத்துத் தேங்கிக் கிடக்கும் நீரைப் பார்ப்பவரிடம், இதில் பாய் விரித்த படகு வந்தது என்று சொன்னால் அதுவே ஒரு பேய்க்கதைபோல்தான் ஒலிக்கும்.

மூன்றாவது இழையாக ரயில் வந்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. 1873-ல் சென்ட்ரல் நிலையம் வந்தபின், அரக்கோணம் செல்லும் மேற்குப் பாதையும் கூடூர் செல்லும் வடக்குப் பாதையும் பிரியும் இடமாகப் பேசின் பிரிட்ஜ் ஆயிற்று. அதே காலத்தில் பக்கிங்காம் ஆலையும் கர்நாட்டிக் ஆலையும் பெரம்பூர்ப் பக்கம் எழுந்தன. மக்கள் இரண்டையும் சேர்த்துப் பின்னி மில் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்துக்கு மின்சாரம் தந்த மின் நிலையமும் இங்கேதான் அமைந்தது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்பிய இடத்தைச் சுற்றியிருந்த சந்துகள் வெகுகாலம் இருட்டாகவே கிடந்தன என்பதை நான் பேய்க்கதைகளுக்கான காரணங்களில் முதலாவதாக வைப்பேன்.

சாவின் வரலாறு இதற்கிணையாக நடந்தது. 1782 பஞ்சத்தில் தொடங்கிய மணியக்காரர் சத்திரம், கஞ்சி ஊற்றிய இடம் என்பதால், அதனருகே பின்னாளில் வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனைக்கே ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்ற பெயரைக் கொடுத்துவிட்டது. வடசென்னையின் பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். காலரா கண்டவர்களைக் கொண்டுபோகத் தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மாகாணத்தின் வட மாவட்டங்களிலிருந்து கால்நடையாகவும் கால்வாய்க் கரையோரமாகவும் ஜனங்கள் சென்னைக்கு வந்து விழுந்தார்கள். அந்தப் பஞ்சத்துக்குப் பலியானவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் கால்வாய் வெட்டப்பட்டது. அதன்பின் 1878-ல் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய் முழுவதற்கும் சூட்டப்பட்டது. இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் முழுவதையும் பஞ்சக் கூலிகள்தாம் வெட்டினார்கள், கரையெல்லாம் அவர்களுடைய எலும்புதான் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. பேசின் பிரிட்ஜைத் தொட்டுச் செல்லும் பகுதி பஞ்சத்துக்கு எழுபது ஆண்டுகள் மூத்தது. பஞ்சம் வெட்டிய துண்டு நகரத்தின் தென் பாதியில் இருக்கிறது.

இவ்வளவு சாவு நடந்த மண்ணில் பஞ்சத்தில் செத்தவர்களின் பேய் பற்றிய கதை ஏன் இல்லை? இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வடசென்னைக் கதைகளில் வருவது பெரும்பாலும் தனி ஆளின் பேய்: ரயிலில் அடிபட்டவன், கால்வாயில் விழுந்தவள், பிரசவத்தில் போனவள், தூக்கில் தொங்கியவன். ஆயிரமாயிரமாகச் செத்த காலராக்காரர்களும் பஞ்சைகளும் கதையில் நடமாடுவதில்லை. காரணம் தமிழர்களின் சாவுக் கணக்கில் இருக்கிறது. விதித்த ஆயுள் முடியுமுன் போனவன்தான் மிச்ச ஆயுளை இங்கேயே அலைந்து கழிக்கிறான் என்பது நம்பிக்கை. அகால மரணம், துர்மரணம் என்று சொல்வது அதைத்தான். கொள்ளைநோய் வந்து தெருவையே வாரிக்கொண்டு போகும்போது அந்தக் கணக்கு செல்லாது; அது அம்மனின் சீற்றம். அப்போது பரிகாரமும் ஊர்ப் பரிகாரம்தான்: எல்லையில் அம்மனுக்குக் கல் நடுவது, ஆடியில் கூழ் வார்ப்பது, வேப்பிலை கட்டுவது, கரகம் எடுப்பது. வடசென்னையில் சந்துக்குச் சந்து எல்லையம்மனும் கங்கையம்மனும் மாரியம்மனும் உட்கார்ந்திருப்பதை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால், கூட்டச் சாவு கோயிலாகவும் திருவிழாவாகவும் மாறிவிட்டது, ஒற்றைச் சாவு மட்டும் கரை சேராமல் பாலத்தடியில் நின்றுவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. மாசி அமாவாசையில் அங்காளம்மன் புறப்பட்டு மயானத்துக்குப் போகும் மயானக்கொள்ளை, இந்த இரண்டு உலகங்களும் ஆண்டுக்கொருமுறை சந்தித்துக்கொள்ளும் நாள்.

கதைகளின் வடிவங்கள் அதிகம் இல்லை. நடுராத்திரி பாலத்தில் ஏறும் ரிக்‌ஷாவைக் கைதட்டி நிறுத்தும் பெண் பாலத்தின் மறுமுனையில் வண்டியில் இருக்க மாட்டாள். வண்டி மட்டும் ஏறும்போது கல்லாய்க் கனத்திருக்கும், இறங்கும்போது காற்றாய் ஓடும். கைப்பிடிச் சுவரில் குந்தியிருக்கும் ஆள் பீடியை நீட்டி “வத்திப்பெட்டி கீதா நைனா?” என்று கேட்பான், குச்சியைக் கிழித்து நீட்டினால் வெளிச்சத்தில் கழுத்துக்குமேல் எதுவும் இருக்காது. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் மூன்றாவது முறையும் கூப்பிடாவிட்டால் திரும்பக் கூடாது. இவை தமிழகத்தின் எந்தப் புளியமரத்தடிக்கும் பொருந்தக்கூடிய கதைகள்தாம். ஆயினும் இந்த ஊரில் இவற்றுக்கு ரிக்‌ஷாக்காரன், பீடி, மில் சங்கு, ஷிப்டு முடிந்து திரும்பும் நேரம் என்று ஒரு தொழிலாளர் சாயல் ஏறியிருக்கிறது. மோகினி இங்கே பாழடைந்த அரண்மனையில் இருப்பதில்லை. சவாரிக்குக் கூலி பேசுகிறாள்.

கதைக்குப் பின்னால் ஒரு நடைமுறை இருந்தது. அதை அடுக்களையில் பார்க்கலாம். இரவு ஷிப்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோவது பெரும்பாலும் வீட்டுப் பையன்கள் வேலை. தூக்குச்சட்டியில் சோற்றை அமுக்கி, மேல் கிண்ணத்தில் குழம்பை ஊற்றுவார்கள். வெறும் கீரையோ புளிக்குழம்போ என்றால் அப்படியே மூடி அனுப்பலாம். கறியோ மீனோ இருந்தால், அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து ஊதிச் சாம்பலைத் தட்டிவிட்டு, சோற்றின்மேல் வைத்துத்தான் மூடி போடுவார்கள். சிலர் காய்ந்த மிளகாய் ஒன்றும் சேர்ப்பார்கள், சிலர் சட்டியின் கைப்பிடியில் ஆணியையோ சாவியையோ கட்டிவிடுவார்கள். கறி வாசத்துக்குப் பேய் பின்னால் வரும், கரியையும் இரும்பையும் கண்டால் விலகும் என்பது கணக்கு. சட்டியைத் திறந்தவர் கரியை எடுத்து எறிந்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். கேலி செய்யலாம்; ஆனால் பத்து வயதுப் பையனை இரவில் தண்டவாளத்தைத் தாண்டி அனுப்ப வேண்டியிருந்த ஒரு தாயிடம் அந்தக் கரித்துண்டைத் தவிர வேறு என்ன பாதுகாப்பு இருந்தது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘பாலத்தடியில் நிற்காதே, திரும்பிப் பார்க்காதே, யார் கூப்பிட்டாலும் போகாதே, நேராகப் போய் நேராக வா’ என்று பேய்க்கதை சொல்லும் புத்திமதிகள் அத்தனையும் உயிருள்ள மனிதர்களிடமிருந்தும் ரயிலிலிருந்தும் தப்பிக்கவும் பொருந்துபவை.

ரயிலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். தலையில்லா முண்டம் என்ற உருவம் வேறிடங்களில் போர்க்களத்தையோ வாள்வெட்டையோ நினைவூட்டலாம். பேசின் பிரிட்ஜில் அதற்கு விளக்கமே தேவையில்லை. பாதைகள் பல திசைகளில் பிரிந்து வளையும் இடம். ஒரு பாதையில் வரும் வண்டியின் இரைச்சலில் அடுத்த பாதையில் வரும் வண்டி காதில் விழாது. சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவதைவிடத் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது குடியிருப்புகளிலிருந்து எப்போதுமே பக்கம். அடிபட்டவரின் சட்டைப்பையில் சீட்டு எதுவும் இல்லையென்றால் அவர் ஓர் எண்ணாகிவிடுவார். சென்னையின் ரயில் நிலையச் சுவர்களில் ரயில்வே போலீஸ் ஒட்டும் தாள்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண் மூடிய ஒரு முகத்தின் மங்கிய படம், சுமார் 40 வயது மதிக்கத்தக்க ஆண், மாநிறம், நீல நிறக் கோடு போட்ட அரைக்கைச் சட்டை, வலது முழங்கையில் பழைய தழும்பு, தகவல் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும். கேட்டு யாரும் வராவிட்டால் அநாதைப் பிணமாக அடக்கம். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரனும் கொள்ளி வைக்க மகனும் இல்லாத சாவுதான் பேயாகும் என்று நம்புகிற ஒரு சமூகத்தில், இப்படிப்பட்ட சாவுகள் அடிக்கடி நடக்கும் ஓர் இடம் பேய் பிடித்த இடமாகப் பெயரெடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2009 ஏப்ரல் 29 விடியற்காலையில் நடந்தது இந்தக் கதை மரபில் சேர்ந்தே ஆகவேண்டிய நிகழ்ச்சி. சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து ஒரு மின்சார ரயில் நேரத்துக்கு முன்பாகவே புறப்பட்டு, எங்கும் நிற்காமல், பேசின் பிரிட்ஜைக் கடந்து அதிவேகமாகச் சென்று, வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் நின்றிருந்த எண்ணெய் டேங்கர் ரயிலின்மீது மோதியது. 4 பேர் இறந்தார்கள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனவர் ரயில்வே ஓட்டுநர் அல்லர் என்பது தெரியவந்ததும் ‘யார் அது?’ என்ற கேள்வி ஊரெங்கும் எழுந்தது. சதியா, பைத்தியமா, விளையாட்டா என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. எல்லோர் கண்முன்னும் ஓடி மோதிய வண்டிக்கு முகமற்ற ஓட்டுநர் என்றால், அது பழைய முண்டத்தின் மின்சார யுகத்து அவதாரம் என்றே கொள்ளலாம்.

கொள்ளிவாய்ப் பிசாசுக்கு இவ்வளவு சோகம் கிடையாது. கால்வாய்க் கரையிலும் பழைய சதுப்புகளிலும் இரவில் எரிந்து அணைந்து இடம் மாறித் தெரிந்த நீலச் சுடரைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை அது. தேங்கிய நீரின் அடிச்சேற்றில் காற்றில்லாமல் அழுகும் பொருள்களிலிருந்து மீத்தேன் உருவாகிக் குமிழிகளாக மேலே வருகிறது. அது தானாக எப்படித் தீப்பற்றுகிறது என்பதில் அறிவியலாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை, பாஸ்பீன் போன்ற வாயுக்களின் துணை இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இன்று பட்டப்பகலிலேயே பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே பார்த்தால், கறுத்த நீரில் அங்கங்கே குமிழி எழுந்து உடைவது தெரியும். கூடவே வரும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது. சுற்றிலும் மின்விளக்கு வந்தபின் அந்த மெல்லிய சுடர் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆக, சாக்கடையாக மாறிய கால்வாய் பிசாசுக்கு வேண்டிய வாயுவை முன்னைவிட அதிகமாகவே தருகிறது. அது வாயைத் திறந்து காட்டுவதற்கான இருட்டு மட்டும்தான் போய்விட்டது.

இருட்டோடு சத்தமும் சேரும். யார்டில் நள்ளிரவில் பெட்டிகளைக் கோக்கும்போது எழும் இடி, வரிசையாகப் பெட்டிக்குப் பெட்டி தாவிக்கொண்டே போய் எங்கோ தொலைவில் அடங்கும். பகலின் வெயிலில் விரிந்த இரும்பு உத்திரங்கள் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது முறியும் ஓசை கேட்கும். யாருமில்லாத பாலத்தில் யாரோ நடக்கிறார்கள் என்று சொன்னவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

இனி காவு. தமிழ்நாட்டில் பாலம் கட்டப்படும் இடமெங்கும் எழுந்த வதந்தி இது: தூண் நிற்கவில்லை, ஆறு அடித்துக்கொண்டு போகிறது, தலைச்சன் பிள்ளையைக் காவு கொடுத்தால்தான் நிற்கும் என்று மேஸ்திரி கனவு கண்டிருக்கிறான், அதனால் பிள்ளை பிடிக்கிறவன் சாக்கோடு சுற்றுகிறான். அந்தி சாய்ந்தும் தெருவில் விளையாடும் பிள்ளைகளை உள்ளே இழுக்க இதைவிடச் சுருக்கமான கதை கிடையாது. பாலத்தின் வயிற்றில் புதைக்கப்பட்ட குழந்தை ராத்திரியில் அழும் என்பது அதன் பிற்சேர்க்கை. நரபலி நடந்ததாக எண்ணத் தேவையில்லை. ஆனால் கதை காற்றிலிருந்தும் வந்துவிடவில்லை. சேற்று நிலத்தில் கிணறுகள் இறக்கி அவற்றின்மேல் தூண் எழுப்பிய காலத்தில், கரை சரிந்தும் சாரம் முறிந்தும் கூலியாட்கள் செத்தார்கள். தொலைதூரத்து ஊர்களிலிருந்து வந்து இறங்கியவர்களின் சாவு அந்த ஊராருக்கு ஒரு வதந்தியாகவே வந்து சேர்ந்தது. ‘பாலம் ஆள் கேட்கிறது’ என்ற பேச்சில் ஒரு வேலைத்தள விபத்து அறிக்கைக்குரிய செய்தி ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். இன்றும் கட்டட வேலைகளின் பூமி பூஜையில், வெண்பூசணியில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, சில்லறைக் காசு போட்டு உடைப்பார்கள். சிவந்து சிதறும் சதைப்பற்றைப் பார்க்கும் எவருக்கும் அது எதற்கு ஈடாக உடைக்கப்படுகிறது என்பது விளங்கும். காசை எடுக்க ஓடிவரும் பிள்ளைகளுக்கு மட்டும் விளங்காது.

இந்தக் கதையை நாட்டார் வழக்காற்றின் அழகான எச்சம் என்று எழுதிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 2018-ஆம் ஆண்டில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற வாட்ஸ்ஆப் செய்திகள் வட தமிழகமெங்கும் பரவின. பழைய கதையில் பாலத்துக்காகப் பிடித்தார்கள், புதிய கதையில் சிறுநீரகத்துக்காகப் பிடித்தார்கள். மற்றபடி சாக்கு மூட்டை, அந்நிய முகம், புரியாத மொழி எல்லாம் அப்படியே இருந்தன. அந்த மே மாதத்தில், இதே பக்கிங்காம் கால்வாய் சென்று சேரும் பழவேற்காட்டில், ஆதரவற்றுத் திரிந்துகொண்டிருந்த ஒரு மனிதரைப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். காவல்துறை பலரைக் கைது செய்தது. எந்தப் பாலமும் கேட்காத காவை ஒரு வதந்தி வாங்கிக்கொண்டது.

பேய்க்கதைகள் இப்போது மெலிந்துவிட்டன என்பதில் ஐயமில்லை. பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது, சங்கு நின்றது, நள்ளிரவில் கூட்டம் கூட்டமாக நடந்து பாலத்தைக் கடந்தவர்கள் இல்லாமல் போனார்கள். நடந்து போகிறவனுக்குத்தான் பேய் எதிர்ப்படும். ஷேர் ஆட்டோவில் ஆறு பேரோடு இடித்துக்கொண்டு போகிறவனை அது எப்படி நிறுத்தும்? 1933-ல் கட்டப்பட்ட யானைகவுனிப் பாலம் வலுவிழந்து, கனரக வாகனங்களுக்கு மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டு, இப்போது அங்கே புதுப் பாலம் இருக்கிறது. இணையத்தில் ‘சென்னையின் பேய் நடமாடும் இடங்கள்’ என்று வரும் பட்டியல்களில் அடையாற்று முகத்துவாரத்து உடைந்த பாலம் தவறாமல் இடம்பெறும். பேசின் பிரிட்ஜைக் காண்பது அரிது. கடற்காற்றும் நிலவும் உள்ள இடத்துப் பேயை ரசிக்க ஆள் உண்டு, சாக்கடை நாற்றமுள்ள இடத்துப் பேய்க்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மூலக்கொத்தளம் சுடுகாட்டைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு, 1939 ஜனவரியில் இறந்த நடராசனும், அதே ஆண்டு மார்ச்சில் இறந்த கும்பகோணத்துத் தாளமுத்துவும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மொழிப்போரில் பங்கெடுத்த மருத்துவர் தருமாம்பாளின் நினைவிடமும் இங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 25-ஆம் தேதி கட்சிக்காரர்கள் மாலையோடு வருகிறார்கள். நடராசனும் தாளமுத்துவும் இறந்தது அகால மரணம்தான். ஆயுள் முடியாமல், வீட்டார் பக்கத்தில் இல்லாமல், சிறைப்பட்ட நிலையில். நம்பிக்கையின் இலக்கணப்படி பார்த்தால் இவர்களைவிடத் தகுதியான ஆவிகள் அந்தச் சுடுகாட்டில் இருக்க முடியாது. ஆனாலும் அவர்களைப் பற்றி ஒரு பேய்க்கதையைக்கூட நான் கேட்டதில்லை. அவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, கல்லறையில் பெயர் இருக்கிறது, பெயரை உரக்கச் சொல்ல ஆண்டுதோறும் ஆள் வருகிறது. எழும்பூரில் ஒரு மாளிகையே அவர்கள் பெயரில் நிற்கிறது. பேயாவதற்கு வேண்டியது கொடுஞ்சாவு என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். அழைக்கப் பெயர் இல்லாமற்போவது மறுபாதி. தண்டவாளத்துச் சடலம், சாரத்திலிருந்து விழுந்த கூலி, கால்வாயில் மிதந்த பெண் ஆகியோரிடம் இல்லாதது அந்தப் பெயர்தான். கதை சொல்கிறவர்களும் ‘ஒருத்தன்’, ‘ஒரு பொம்பளை’ என்றுதான் தொடங்குகிறார்கள்.

2018 வாக்கில் இந்தச் சுடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள் கட்டும் திட்டம் வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பேய் உலவும் இடத்தில் எப்படிக் குடியிருப்பது என்ற வாதத்தை எதிர்ப்பாளர்கள் முன்வைக்கவில்லை. தியாகிகளின் நினைவிடத்துக்கு என்ன ஆகும், தலைமுறை தலைமுறையாக இங்கே புதைத்துவரும் வடசென்னை மக்கள் இனி தங்கள் பிணங்களை எங்கே கொண்டுபோவார்கள் என்றுதான் கேட்டார்கள். நினைவிடம் காக்கப்படும் என்று சொல்லப்பட்டது. குடியிருப்புகள் எழுந்தன.